1076-ஆம் ஆண்டுக் காகிதம்: எக்ஸ்எம்எல் விவரக் கோப்புகளை உலாவியில் படிக்கவைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

"இந்த எக்ஸ்எம்எல் கோப்புடன் நடை விவரம் எதுவும் சேர்ந்திருப்பதாகத் தெரியவில்லை, ஆவணத்தின் மரம் கீழே காட்டப்பட்டுள்ளது" என்று குரோம் உலாவி ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியதை நான் தமிழில் படித்துச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆதார எழுத்தர் (எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்றால் சொத்துப் பத்திரம்) மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"மரம் தெரிகிறது தம்பி. காய் எங்கே?"

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலையை அடுத்த ஒரு சிற்றூரின் நூலகம் அது. இரண்டு அறை, ஓட்டுக்கூரை, ஒரு பழைய கணினி. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடந்த பழைய காகிதங்களை அங்கே கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். திருவிதாங்கூர் முத்திரைத்தாளில் எழுதிய விலை ஆதாரங்கள், ஒற்றி ஆதாரங்கள், பாகப்பத்திரங்கள், கல்யாண அழைப்பிதழ்கள், கோயில் கொடை நோட்டீஸ்கள் என்று பல வகை. கல்லூரி மாணவர்கள் சிலர் விடுமுறையில் வந்து ஒவ்வொன்றையும் ஒளிப்படம் எடுத்து, படத்துக்கு ஒன்றாக எக்ஸ்எம்எல் கோப்பில், அதாவது ஒவ்வொரு விவரத்தையும் கூர் அடைப்புக்குறிக்குள் பெயரிட்ட குறிகளுக்கு நடுவே எழுதும் வடிவில், விவரம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மொத்தம் 412 கோப்புகள். தலைப்பு, எழுதியவர், நாள், இடம், மொழி, உரிமை என்ற இந்த விவரங்களைக் கணினிக்காரர்கள் மெட்டாடேட்டா என்கிறார்கள். நூலகத்தாருக்கு இது புதிய சங்கதி இல்லை. இழுப்பறையில் அடுக்கி வைக்கும் அட்டவணைச் சீட்டுதான்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சீட்டுகளை யாரும் சரிபார்த்திருக்கவில்லை. காகிதங்களின் விவரம் தெரிந்த பெரியவர்களுக்குக் கூர் அடைப்புக்குறிகள் நிறைந்த அந்தக் கோப்புகளைப் படிக்கத் தெரியாது. கோப்புகளைப் படிக்கத் தெரிந்த மாணவர்களுக்கு ஒற்றிக்கும் விலைக்கும் வித்தியாசம் தெரியாது. நான் அழைக்கப்பட்டது "கொஞ்சம் அழகாகத் தெரிகிற மாதிரி செய்து கொடுங்கள்" என்ற ஒற்றை வேண்டுகோளோடு. செய்து முடித்தபோது அழகு இரண்டாம்பட்சமாகிவிட்டது. பிழை திருத்தமே முழு வேலையாக நின்றது. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

எக்ஸ்எம்எல்லை ஏன் விட்டுவிடவில்லை

முதலில் எனக்குத் தோன்றியது எக்செல் அட்டவணையாக மாற்றிவிடலாம் என்பதே. வடசேரியிலிருந்து தக்கலைக்குப் பஸ்ஸில் போகும்போது மடிக்கணினியில் கோப்புகளைத் திறந்து பார்த்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். மாணவர்கள் டப்ளின் கோர் என்னும் தரத்தின்படி ஒழுங்காக எழுதியிருந்தார்கள். 1995-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டப்ளின் என்ற ஊரில் கூடிப் பேசித் தொடங்கியது அது. அயர்லாந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பதினைந்தே பதினைந்து கூறுகள். உலகம் முழுவதும் மின்னூலகங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று விவரங்களை வாங்கிக்கொள்ள இந்தப் பதினைந்தைத்தான் பொது மொழியாக வைத்திருக்கின்றன. நாளைக்கு இந்தத் தொகுப்பை ஒரு பெரிய மின்னூலகத்துக்குக் கொடுக்கும்போது கோப்புகள் அப்படியே செல்லுபடியாகும். அதை உடைத்து எக்செல்லில் போட்டால் பிறகு யாராவது உட்கார்ந்து மறுபடியும் ஒட்ட வேண்டும்.

குறிகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருப்பது பற்றி ஊரில் ஒரு வருத்தம் இருந்தது. நியாயமான வருத்தம். எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் தரமாக வெளிவந்தபோதே தமிழ் எழுத்துகளால் குறிப் பெயர் வைக்க இடம் கொடுத்துவிட்டது. <தலைப்பு> என்றே எழுதலாம், எந்த உலாவியும் மறுக்காது. ஆனால் அப்படி எழுதினால் மற்ற நூலகங்களின் கணினிகளுக்கு அது விளங்காது. ஆகவே கோப்பில் டப்ளின் கோர் பெயர்களும் திரையில் தமிழ்ப் பெயர்களும் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அந்தப் பாலம்தான் ஸ்டைல்ஷீட்: கோப்பு திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் தனிக் கோப்பு.

சிஎஸ்எஸ்ஸில் போன அரை நாள்

எக்ஸ்எம்எல் கோப்பை உலாவியில் அலங்கரிக்க இரண்டு வழி உண்டு. இணையப் பக்கங்களின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸை நேரே இணைப்பது ஒன்று. எக்ஸ்எஸ்எல்டி மூலம் எச்டிஎம்எல் என்னும் வழக்கமான இணையப் பக்கமாக உருமாற்றுவது இன்னொன்று. எளியதை முதலில் முயல்வது என் பழக்கம் என்பதால் சிஎஸ்எஸ்ஸில் தொடங்கினேன். தலைப்பைப் பெரிய எழுத்தாக்கி, ஒவ்வொரு கூறையும் தனி வரியாக்கி, அதற்கு முன்னால் "இடம்:", "மொழி:" என்று பெயர் ஒட்டவைத்தேன். பத்து நிமிடத்தில் சீட்டு மாதிரி ஒன்று வந்துவிட்டது. நூலகர் அம்மாவுக்கு மகிழ்ச்சி.

பிறகுதான் முட்டுக்கட்டைகள் வந்தன. படத்தின் முகவரி எழுத்தாகத் தெரிந்ததே தவிர படமாகத் தெரியவில்லை. கூறின் உள்ளே இருக்கும் எழுத்தை எடுத்துப் படமாகவோ இணைப்பாகவோ ஆக்க சிஎஸ்எஸ்ஸால் முடியாது. முன்னால் ஒட்டிய தமிழ்ப் பெயர்களைச் சுட்டியால் தேர்ந்து நகலெடுத்தால் அவை வருவதில்லை. மதிப்புகள் மட்டும் பெயரில்லாமல் வரும். "மொழி: எம்எல்" என்று குறியீடு இருப்பதை "மலையாளம்" என்று மாற்றிக் காட்டவும் வழியில்லை. அரை நாளோடு அதை மூடி வைத்தேன்.

எக்ஸ்எஸ்எல்டி அப்படி இல்லை. "இந்தக் குறி வந்தால் இதை எழுது" என்ற விதிகளின் தொகுப்பு அது. 1999 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு. அதற்குப் பிறகு 2007-இல் 2.0, 2017-இல் 3.0 என்று பதிப்புகள் வந்துவிட்டன, ஆனால் உலாவிகள் முதல் பதிப்போடு நின்றுவிட்டன. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் பாதி புதிய பதிப்புக்கு உரியவை; நகலெடுத்து ஒட்டிவிட்டு ஏன் ஓடவில்லை என்று விழிப்பவர்கள் பலர். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

இணைப்பதற்கு ஒவ்வொரு கோப்பிலும் ஒரே ஒரு வரி போதும். எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரிக்குக் கீழே, முதற்குறிக்கு மேலே, "எக்ஸ்எம்எல்-ஸ்டைல்ஷீட்" என்று தொடங்கி, வகையையும் ஸ்டைல்ஷீட் கோப்பின் பெயரையும் சொல்லும் வரி. 412 கோப்பிலும் கையால் போட முடியாது என்று ஒரு சிறு நிரல் எழுதினேன். அந்த நிரல் வரியைக் கோப்பின் உச்சியில், அறிவிப்பு வரிக்கும் மேலே செருகிவிட்டது. பயர்பாக்ஸைத் திறந்தால் மஞ்சள் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி: அறிவிப்பு வரி கோப்பின் தொடக்கத்தில் இல்லையாம். எக்ஸ்எம்எல் அறிவிப்பு இருந்தால் அதற்கு முன்னால் ஒரு வெற்று வரி, ஓர் இடைவெளிகூட இருக்கக் கூடாது. எச்டிஎம்எல்லைப் போல் தவறைப் பொறுத்துக்கொண்டு போகும் சுபாவம் எக்ஸ்எம்எல்லுக்கு இல்லை. நல்லவேளையாக மூலக் கோப்புகளை வேறோர் உறையில் நகலெடுத்து வைத்திருந்தேன்.

வெற்றுச் சீட்டு

அடுத்த தடை ஒரு நாள் முழுக்கத் தின்றது. ஸ்டைல்ஷீட் ஓடியது, தமிழ்ப் பெயர்கள் எல்லாம் வந்தன. ஆனால் "தலைப்பு:" என்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை. "நாள்:" வெறுமை. "இடம்:" வெறுமை. பிழைச் செய்தியும் இல்லை. அச்சடித்து நிரப்பாமல் விட்ட விண்ணப்பப் படிவம் மாதிரி இருந்தது.

காரணம் பெயர்வெளி. எக்ஸ்எம்எல்லில் ஒரு குறியின் முழுப்பெயர் அதன் பெயரோடு முடிவதில்லை. அது எந்த முகவரியைச் சேர்ந்தது என்பதும் பெயரின் பகுதி. ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் வீட்டுப்பெயர் சேர்த்துச் சொல்வதைப் போல. டப்ளின் கோர் குறிகளின் வீட்டுப்பெயர் எச்டிடிபி என்று தொடங்கும் ஒரு முகவரி. என் ஸ்டைல்ஷீட்டில் நான் அதையே பழக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்று எழுதியிருந்தேன். இந்தக் காலத்தில் பாதுகாப்பில்லாத முகவரியைக் கண்டால் கை தானாகவே ஓர் எழுத்தைச் சேர்த்துவிடுகிறது. உலாவி அந்த முகவரிக்குப் போய்ப் பார்ப்பதில்லை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட மட்டுமே செய்கிறது. ஓர் எழுத்து கூடியதால் வீட்டுப்பெயர் வேறாகி, எந்தக் குறியும் பொருந்தவில்லை. பொருந்தாதது பிழை ஆகாது என்பதால் உலாவி வாய் திறக்கவில்லை. அந்த ஓர் எழுத்தை நீக்கியதும் 412 சீட்டும் ஒரே நேரத்தில் நிரம்பின.

பெயர்வெளி விஷயத்தில் இன்னொரு பொறியும் உண்டு. மாணவர்களில் ஒருவர் எழுதிய கோப்புகளில் மட்டும், குறிப் பெயருக்கு முன்னால் வீட்டுப்பெயரைச் சுருக்கிச் சொல்லும் முன்னொட்டே இல்லாமல், முகவரியை முதற்குறியில் ஒரேயடியாக அறிவித்திருந்தார். அது முற்றிலும் சரியான எக்ஸ்எம்எல். ஆனாலும் ஸ்டைல்ஷீட்டில் முன்னொட்டோடுதான் தேட வேண்டும். முன்னொட்டில்லாமல் தேடினால், எக்ஸ்எஸ்எல்டி குறிகளைத் தேடப் பயன்படுத்தும் எக்ஸ்பாத் 1.0 அதை "எந்த வீட்டையும் சேராத குறி" என்று எடுத்துக்கொண்டு கையை விரித்துவிடும்.

இதோடு முடிந்ததா என்றால், நூலகக் கணினியில் கோப்பை இரண்டு முறை சொடுக்கித் திறந்தபோது மறுபடியும் ஒன்றும் தெரியவில்லை. என் மடிக்கணினியில் தெரிந்தது அங்கே தெரியாததற்குக் காரணம், நான் ஒரு சிறு வழங்கி (சர்வர்) வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததும் அங்கே வட்டிலிருந்து நேராகத் திறந்ததும்தான். வட்டில் உள்ள ஒரு கோப்பு பக்கத்துக் கோப்பைப் படிப்பதைப் பாதுகாப்புக் கருதிக் குரோம் நீண்டகாலமாகவே தடுக்கிறது. பயர்பாக்ஸும் 2019-இல் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து அப்படியே. பைதான் மொழியோடு கூடவே வரும் சிறு வழங்கியை ஒரு குறுக்குவழிப் பொத்தானில் கட்டிக் கொடுத்தேன். நூலகர் அம்மா காலையில் விளக்கைப் போடுவது மாதிரி அதையும் சொடுக்கிவிட்டு உட்காருவார்.

பெரியவர்கள் வந்து உட்கார்ந்தபோது

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேர் வந்தார்கள். ஆதார எழுத்தர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கோயில் கணக்குப் பார்த்த இன்னொருவர். வெளியே மழை. திரையில் ஆதாரத்தின் படம் இடப்பக்கம், சீட்டு வலப்பக்கம். மூன்றாவது சீட்டிலேயே ஆதார எழுத்தர் நிறுத்தச் சொன்னார்.

"எழுதியவர் என்று என் சித்தப்பா பெயர் போட்டிருக்கிறதே. இது அவருடைய நிலம் இல்லையே."

அவருடைய சித்தப்பாவும் ஆதார எழுத்தர். காகிதத்தின் கடைசியில் கையெழுத்துப் போட்டிருந்தார். மாணவர்கள் அதைப் பார்த்து டப்ளின் கோரின் "கிரியேட்டர்" கூறில் அவர் பெயரைப் போட்டுவிட்டார்கள். வேறு சில ஆதாரங்களில் அதே கூறில் நிலத்தை விற்றவர் பெயர் இருந்தது. ஆதார மொழியில் எழுதிக்கொடுப்பவர், எழுதிப்பெறுபவர், கைப்பட எழுதியவர் என்று மூன்று பேர் மூன்று இடத்தில் நிற்கிறார்கள். தமிழில் "எழுதியவர்" என்று ஒரே சொல்லில் நான் பெயர் வைத்ததால்தான் குழப்பம் வெளியே வந்தது. ஆங்கிலச் சொல்லாகவே இருந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

ஸ்டைல்ஷீட்டில் இதற்கு ஒரு கிளை போட்டேன். கோப்பின் "வகை" கூறில் ஆதாரம் என்று இருந்தால் கிரியேட்டருக்கு "எழுதிக்கொடுத்தவர்" என்று பெயர் காட்ட வேண்டும். உதவியவருக்கான கூறுக்கு "கைப்பட எழுதியவர்" என்று காட்ட வேண்டும். வகை அழைப்பிதழ் என்றால் கிரியேட்டர் "அழைப்பவர்". சிஎஸ்எஸ்ஸால் நினைத்தும் பார்க்க முடியாத வேலை இது; எக்ஸ்எஸ்எல்டியில் ஆறு வரி. பெயர்கள் மாறியதும் ஆதாரச் சீட்டுகளில் யார் யார் இடம் மாறி நிற்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரிந்தது. 58 சீட்டுகளைத் திருத்தினோம்.

அடுத்தது நாள். நாள்வாரியாக வரிசைப்படுத்திய பட்டியலின் உச்சியில் ஓர் ஒற்றி ஆதாரம் நின்றது. நாள்: 1076. தமிழாசிரியர் சிரித்துவிட்டார்.

"முதலாம் குலோத்துங்கன் ஆட்சிக் காலத்தில் முத்திரைத்தாள் இருந்ததா தம்பி?"

அது கொல்லம் ஆண்டு. கி.பி. 825-இல் தொடங்கும் கணக்கு. முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று 1956 நவம்பர் 1 வரை இருந்த பகுதி இது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவிலும் பழைய ஆதாரங்களில் இந்த ஆண்டுதான் இருக்கும், மலையாள மாதப் பெயரோடு. மாணவர்கள் காகிதத்தில் கண்டதைக் கண்டபடி எழுதிவிட்டார்கள். அதில் தவறில்லை. கணினிதான் அதைக் கி.பி. என்று எடுத்துக்கொண்டது.

எனக்கு உடனே தோன்றியது ஒரு சாமர்த்தியம். ஸ்டைல்ஷீட்டிலேயே கூட்டிக்கொள்ளலாமே: ஆண்டு 1200-க்குக் கீழே இருந்தால் 825-ஐக் கூட்டு. தேதிகளைக் கையாளும் வசதி எக்ஸ்எஸ்எல்டி 1.0-இல் இல்லாவிட்டாலும் கூட்டல் வரும். மாலைக்குள் பட்டியல் ஒழுங்காக நின்றது. 1076 இப்போது 1901. எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

மறுவாரம் ஆதார எழுத்தர் ஒரு விலை ஆதாரத்தைக் காட்டினார். கொல்லம் 1084, கன்னி மாதம். சீட்டில் 1909 என்று இருந்தது. "இது 1908. கன்னி மாதம் புரட்டாசியில்தானே வருகிறது," என்றார். கொல்லம் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. சிங்ஙம் ஒன்றாம் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. சிங்ஙத்திலிருந்து டிசம்பர் முடியும் வரை 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரிக்குப் பிறகு 825. தனு மாதமோ டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிறது. அதன் முன்பாதிக்கு ஒரு கணக்கு, பின்பாதிக்கு வேறு கணக்கு.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். ஸ்டைல்ஷீட் காட்டுவதற்கு மட்டும், திருத்துவதற்கு இல்லை. நான் கூட்டிக் காட்டிய ஆண்டு திரையில் மட்டும் இருந்தது, கோப்பில் இல்லை. கோப்பை வேறொரு நூலகம் எடுத்துப் போனால் அது 1076 என்றேதான் எடுத்துப் போகும். ஆகவே கூட்டல் வரியை அழித்துவிட்டு, தரவிலேயே இரண்டு நாள் வைத்தோம்: காகிதத்தில் உள்ளபடி "கொல்லம் 1084 கன்னி 12" என்று ஒன்று, கி.பி. கணக்கில், ஆண்டு-மாதம் என்ற வடிவில் இன்னொன்று. சீட்டில் இரண்டும் வரும். வரிசைப்படுத்துவது இரண்டாவதை வைத்து. மாற்றிக் கொடுத்தது பெரியவர்கள் மூவர்தான். அச்சடித்த சீட்டுகளில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார்கள், நூலகர் அம்மா தட்டச்சு செய்தார்.

இரண்டு கொல்லங்கோடு

இடவாரியான பட்டியல் போட்டபோது கேரள எல்லையை ஒட்டிய கொல்லங்கோடு இரண்டு தடவை வந்தது. ஒன்றின் கீழே ஒன்பது காகிதம், இன்னொன்றின் கீழே நான்கு. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. எழுத்தை எத்தனை பெரிதாக்கிப் பார்த்தாலும் வித்தியாசம் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது வித்தியாசம். "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு வகையாக எழுதலாம்: க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று; ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகச் சேர்ப்பது மற்றொன்று. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். ஆனால் எக்ஸ்எஸ்எல்டி 1.0 குறியீடுகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுவதோடு சரி. அதற்கு அவை இரண்டு ஊர். 2.0-இல் இதைச் சமன்படுத்த ஒரு செயற்கூறு உண்டு, உலாவியில் அது கிடையாது. எழுத்துக்கு எழுத்து மாற்றும் டிரான்ஸ்லேட் என்ற செயற்கூறை வைத்துச் சமாளிக்கலாமா என்று பார்த்தேன். ஓர் எழுத்தை ஓர் எழுத்தாக மாற்றத்தான் அதற்குத் தெரியும், இரண்டை ஒன்றாக்கத் தெரியாது. மறுபடியும் தரவுக்கே போனேன். பைதானில் என்எஃப்சி என்ற சீராக்கத்தை எல்லாக் கோப்புக்கும் ஓட்டியதும் ஊர் ஒன்றானது.

இதைவிடக் கெட்டிக்காரப் பிழை ஔகாரத்தில் ஒளிந்திருந்தது. "கௌரி" என்பதைச் சிலர் ஒற்றைக்கொம்பு போட்டு, அதன் பின்னால் ளகர எழுத்தையே தட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு அதேதான். இது உண்மையான எழுத்துப்பிழை என்பதால் எந்தச் சீராக்கமும் தொடாது. தேடிப் பிடித்துக் கையால்தான் மாற்ற வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய சில கோப்புகளும் இருந்தன, அவை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிந்ததால் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிட்டன.

வரிசை இன்னொரு வேடிக்கை. ஒரு கருவியில் குலசேகரம், குளச்சல், குழித்துறை என்று வந்தது. தமிழாசிரியர் விரலால் மேசையைத் தட்டினார். தமிழ் நெடுங்கணக்கில் ய ர ல வ ழ ள. ழகரத்துக்குப் பின்தான் ளகரம். குலசேகரம், குழித்துறை, குளச்சல் என்பதே சரி. யூனிகோடு அட்டவணையில் ல, ள, ழ, வ என்ற வரிசையில் எழுத்துகள் அடுக்கப்பட்டிருப்பதால், குறியீட்டு எண்ணை மட்டும் பார்க்கும் கருவி ஆசிரியரிடம் குட்டு வாங்கத்தான் செய்யும். மொழி தமிழ் என்று சொல்லிவிட்டால் சில கருவிகள் சரியாக அடுக்குகின்றன, சில கண்டுகொள்வதில்லை. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வரவேண்டும் என்பதால், நாற்பது சொச்சம் ஊர்ப்பெயருக்கும் ஆசிரியரையே வரிசை எண் போடச் சொல்லி ஒரு சிறு கோப்பில் வைத்து, அந்த எண்ணை வைத்து அடுக்கினேன். நேர்த்தியான தீர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆசிரியர் மேசையைத் தட்டுவது நின்றது.

மறைத்தது மறையவில்லை

காகிதம் கொடுத்தவர்களின் தொலைபேசி எண்ணை மாணவர்கள் குறிப்புக் கூறில் எழுதியிருந்தார்கள். சீட்டில் அது தேவையில்லை என்று நான் காட்டாமல் விட்டேன். காட்டாவிட்டால் போதும் என்று நினைத்ததுதான் என் பிழை. உலாவியில் "பக்க மூலத்தைக் காட்டு" என்று ஒரு சொடுக்கு, முழு எக்ஸ்எம்எல்லும் எண்ணோடு வந்து நிற்கிறது. நூலகர் அம்மாவின் மகன், ஒன்பதாம் வகுப்புப் பையன், விளையாட்டாகக் கண்டுபிடித்துக் காட்டினான். ஸ்டைல்ஷீட் என்பது திரைச்சீலை இல்லை. கண்ணாடி மேல் ஒட்டிய படம். அன்றே எண்களை எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு கோப்புகளிலிருந்து நீக்கினோம். நல்லவேளை, அதுவரை எதுவும் இணையத்தில் ஏற்றப்படவில்லை. பாகப்பத்திரங்கள் சிலவற்றை ஏற்றவே வேண்டாம் என்று அந்தந்தக் குடும்பத்தார் சொன்னதும் இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான். அவை நூலகக் கணினியில் மட்டும் இருக்கின்றன.

இப்போதைய ஏற்பாடு

குரோம் குழு 2025-இல் உலாவிக்குள் இருக்கும் எக்ஸ்எஸ்எல்டி வசதியைப் படிப்படியாக நீக்கப்போவதாக அறிவித்துவிட்டது. பயன்படுத்துவோர் மிகக் குறைவு, உள்ளே இருக்கும் பழைய நிரல் நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டைகள் என்று காரணம் சொன்னார்கள். வருத்தம்தான், ஆனால் மறுக்க முடியாத காரணம். இதைக் கேட்டவுடன் பதறி எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டில் மாற்றி எழுதத் தேவையில்லை. நீங்குவது உலாவிக்குள் நடக்கும் உருமாற்றம் மட்டுமே. எக்ஸ்எஸ்எல்டி மொழி எங்கும் போகவில்லை.

நான் செய்தது இது. எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற கட்டளைக் கருவி லினக்ஸில் எளிதாகக் கிடைக்கிறது. உலாவிக்கு எழுதிய அதே ஸ்டைல்ஷீட்டை அதனிடம் கொடுத்தால், 412 எக்ஸ்எம்எல்லுக்கும் 412 எச்டிஎம்எல் சீட்டுகளை முன்கூட்டியே செய்து தந்துவிடுகிறது. இடவாரி, நாள்வாரிப் பட்டியல்களையும் அப்படியே செய்கிறேன். முதலில் பட்டியலை உலாவிக்குள்ளேயே, எல்லாக் கோப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து செய்யப் பார்த்தேன். பழைய கணினி மூச்சு வாங்கியது. அதோடு, தனித்தனிக் கோப்புகளாக இருக்கும்போது அவற்றைக் குழுப்படுத்தும் சாவி முறை 1.0-இல் ஒரு கோப்பைத் தாண்டி வேலை செய்யாது. இப்போது எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இணைத்துவிட்டுப் பிறகு பட்டியல் எடுக்கிறேன், மூன்று நொடி. வட்டிலிருந்து நேராகத் திறந்தாலும் எச்டிஎம்எல் என்பதால் தெரிகிறது, பைதான் வழங்கியும் தேவையில்லாமல் போயிற்று. நூலகர் அம்மா மட்டும் பழக்கத்தில் இன்னும் அந்தப் பொத்தானைச் சொடுக்குகிறார்.

எக்ஸ்எம்எல் கோப்பில் உள்ள இணைப்பு வரியை நான் எடுக்கவில்லை. திருத்தம் செய்யும்போது உலாவியில் உடனே பார்க்க, அது ஓடும்வரை ஓடட்டும். ஓடாத நாள் வந்தால் ஒரு சிஎஸ்எஸ் கோப்பின் பெயரை அங்கே மாற்றிப் போட்டால் கூர் அடைப்புக்குறிகளாவது மறையும். முதல் நாள் அரை நாளில் எழுதிய அந்த சிஎஸ்எஸ்ஸைப் பத்திரமாகவே வைத்திருக்கிறேன்.

இன்னும் ஏழு சீட்டுகள் பாக்கி. ஏழும் தனு மாதத்தவை. தேதி இருந்த இடம் பூச்சி அரித்தோ மடிப்பில் கிழிந்தோ போய்விட்டது. கொல்லம் 1089 தனு என்றால் அது 1913 டிசம்பராகவும் இருக்கலாம், 1914 ஜனவரியாகவும் இருக்கலாம். சீட்டில் "1913–14" என்று போட்டிருக்கிறோம். ஆதார எழுத்தர் அவற்றின் படங்களை அச்செடுத்து வாங்கிப் போயிருக்கிறார். சித்தப்பாவின் பழைய நோட்டில் அந்த நம்பர்கள் இருக்கக்கூடும் என்கிறார்.